சுவரில் எழுதிய கடவுச்சொல்

பிற்பகல் இரண்டே காலுக்கு, மோர்சாதம் தின்ற கையை ஆவுடையப்பன் கழுவிக்கொண்டிருந்தபோது திரையில் அந்தப் பெயர் வந்தது.

புன்னைத்துறை.

பதினொரு வினாடி கழித்து மறுபடியும். புன்னைத்துறை. ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தார். இனி யாரும் கூப்பிடக் கூடாத பெயர் அது. பத்தொன்பது நாளைக்கு முன்னால் அவரே தன் கையால் அழித்துவிட்டு வந்த பெயர்.

ஆவுடையப்பன் இருந்தது ஏழாம் கோபுரத்தில். மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி, நான்கு இரும்புக் கால்களின் மேல் ஓர் அறை, ஓர் அடுப்படி, கூரையில் ஒரு பெரிய அலைவாங்கி. அவ்வளவுதான் கோபுரம். செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வானத்துக் குப்பையாகிப் போன பிறகு, படகுக்காரனுக்கு வழி சொல்வது, காற்று சொல்வது, வீட்டோடு பேச வைப்பது எல்லாம் இந்தக் கோபுரங்களின் வைஃபைதான். வீட்டில் இருப்பதன் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி. பெட்டி கோபுரத்தோடு சேர்ந்திருக்கும் வரைக்கும் படகுக்குக் கண்ணும் காதும் உண்டு. பழைய வயர்லெஸ் செட்டுகளையெல்லாம் எப்போதோ காயலான் கடையில் போட்டாயிற்று.

முன்பு கோபுரத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். சண்டை போடவாவது ஆள் இருந்தது. இப்போது ஒருவர்தான், ஒரு முறை ஏறினால் நாற்பத்தைந்து நாள். மனைவி போய் ஏழு வருஷம். மகள் குழலி பெங்களூரில் இருக்கிறாள்; போனை எடுக்க மாட்டாள். மணி அடித்து முடிந்ததும் "செய்தியைச் சொல்லுங்கள்" என்று ஒரு இயந்திரம் சொல்லும். ஆவுடையப்பன் தினமும் காலையில் அந்த இயந்திரத்திடம் என்ன சமைத்தேன், எத்தனை கடற்காகம் வந்தது என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, "பாத்துப் போ தாயி" என்று முடிப்பார். அலுவலகத்தின் தனி இணைப்பில் போகும் பேச்சு அது. படகுகளின் வலையமைப்பில் அவர் இந்த மாதிரியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

கரையிலிருந்த கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். மங்கையர்க்கரசி மேடம் எடுத்தாள். வயதில் இவருக்குப் பத்து குறைவு, பதவியில் இரண்டு படி மேலே.

"மேடம், புன்னைத்துறையை யாரோ கூப்பிடுதாங்க."

"அந்தப் பேரைத்தான் எடுத்துட்டோமே சார்."

"நாம எடுத்துட்டோம். பெட்டி எடுக்கலியே. ஒரு பெட்டி ஒரு தடவை ஒரு வலையமைப்புல சேர்ந்துட்டா அந்தப் பேரை மறக்காது மேடம். நம்ம போன் மாதிரிதான். எங்க போனாலும், 'வீடே, இருக்கியா? வீடே, இருக்கியா?'ன்னு காத்துல கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வார வரைக்கும் கேக்கும். பதில் வராட்டியும் கேக்கும்."

சொல்லிக்கொண்டே திரையை மறுபடியும் பார்த்தார்.

"புதுச் சாவி வாங்காத படகு ஒண்ணுதான்" என்றார். "சந்தன மாதா. பெர்க்மான்ஸ் படகு."

மேடம் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்தப் படகு போயிடுச்சு சார். கிளம்பி இருபத்தாறு நாள் ஆகுது. போன வாரம் செத்துட்டாங்கன்னு அறிவிச்சும் முடிச்சாச்சு. சவப்பெட்டி இல்லாமலே பூசை வச்சாங்களாம். இது அவங்களா இருக்கும். கொள்ளைக்காரங்க. பழைய பேரும் பழைய கடவுச்சொல்லும் அவங்களுக்கும்தான் தெரியுமே, சுவத்துல எழுதி வச்சிருந்தாங்களே."

சுவரில்தான் எழுதியிருந்தார்கள். புன்னைத்துறையில் நானூற்றுச் சொச்சம் படகுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வலையமைப்பு, ஒரே கடவுச்சொல். மீன் ஏலக்கூடத்துச் சுவரில் நீலப் பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள்: எல்லாரும்வாங்க. கடவுச்சொல்லே அதுதான்.

ஜனவரியில் ஒரு மூடுபனிக் காலையில் அந்த வலையமைப்புக்குள் எவனோ புகுந்தான். மூன்று படகுகளுக்குப் பொய்யான வழி சொல்லி, கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டான பார் மேல் ஏற்றிவிட்டு, பேட்டரியையும் இன்ஜினையும் கழற்றிக்கொண்டு போனான். ஆறு பேர் செத்தார்கள். அதைவிடக் கொடுமை, அந்த வழியைச் சொன்னது ஆவுடையப்பனின் குரல். பத்து நிமிஷப் பேச்சு கையில் கிடைத்தால் யாருடைய குரலையும் செய்துவிடலாம் என்ற காலம் அது. தப்பிப் பிழைத்த ஒருவன் விசாரணையில் அழுதுகொண்டே சொன்னான், "அண்ணாச்சிதான் பேசினாவ. கடைசில 'பாத்துப் போ தாயி'ன்னு கூடச் சொன்னாவ. ஆம்பளையப் போயி தாயிங்காவளேன்னு சிரிச்சோம்." அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவுடையப்பனுக்கு மட்டும் அது செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் குற்றவாளிதான் சுவரிலேயே நின்றதே!

பிப்ரவரியில் அவர் கரையிறங்கி ஏலக்கூடத்தில் நின்று ஊரையே ஏசினார். "வீட்டுச் சாவியை எவனாவது தெருவிளக்குல தொங்கவிடுவானா? ஆறு உசுரு போச்சே!" படகுப் படகாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி போட்டார். சங்கத் தலைவர் சவேரியார் பிச்சை அவர் பின்னாலேயே வந்தார்.

"கடல்ல தவிச்சு வாரவனுக்கு எந்தப் படகும் கதவடைக்கக் கூடாது அண்ணாச்சி. அதுக்குத்தான் எல்லாருக்கும் தெரியுத மாதிரி எழுதி வச்சது" என்றவர், கடைசி நாளில் கையைப் பிடித்துக்கொண்டார். "பெர்க்மான்ஸ் படகு இன்னும் வரல. அது வார வரைக்காவது பழசை விட்டு வைங்க."

"ஒரு படகுக்காக ஓட்டையை விட்டு வைக்க முடியாது" என்றார் ஆவுடையப்பன். எல்லார் முன்னாலும், கணீரென்று.

இத்தனைக்கும் பெர்க்மான்ஸ் அவருக்கு யாரோ இல்லை. நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாக, கடலில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோபுரத்தை அழைத்து, படகில் என்ன குழம்பு என்று சொல்கிற ஒரே மனிதன் அவன். "இன்னைக்கு சீலாக் கொழம்பு அண்ணாச்சி. ஒங்களுக்குக் குடுத்து வைக்கல." இவர் சுத்த சைவம். "நாத்தம் இங்க வரைக்கும் அடிக்கி, வைவே போனை" என்பார். வைக்க மாட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாலு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், பாவம்.

"சார், இருக்கீங்களா?" என்றாள் மேடம். "பதில் கொடுக்காதீங்க. கடலோரக் காவல் கப்பல் ஒன்பது மணி நேரம் தள்ளி நிக்குது. ஊர்ப் படகை அனுப்பி, அது தூண்டிலா இருந்தா இன்னும் நாலு சாவு."

"நீரோட்டம் தெக்க இழுக்கு மேடம். சாயங்காலத்துக்குள்ள கூப்பிடு தூரத்தைத் தாண்டிரும். அங்கிட்டு ஒண்ணுமே கெடையாது."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கெட்டவள் இல்லை. அந்த ஆறு வீட்டுக்கும் அவள்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

புன்னைத்துறை. பதினொரு வினாடி. புன்னைத்துறை. கூப்பிடும் பெட்டியின் வலு நாலு கோட்டிலிருந்து மூன்றாகியிருந்தது.

மூன்று மணிக்கு ஆவுடையப்பன் அலமாரியைத் திறந்து உதிரிப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதைக் கோபுரத்தின் எந்தக் கம்பியோடும் சேர்க்காமல், தனி பேட்டரியில், தனி அலைவாங்கியில் மாட்டினார். உள்ளே வருகிறவன் கள்ளனாகவே இருந்தாலும் அந்தப் பெட்டியோடு நிற்பான். வீட்டுக்குள் வர முடியாது. வெளிவாசல் என்று அதற்கு ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டினார். வலையமைப்பின் பெயர்: புன்னைத்துறை. கடவுச்சொல்: எல்லாரும்வாங்க. இன்னொருத்தன் பெயரில் பொய்க் கடை விரித்து, வழி தேடி வருகிறவனைப் பிடிப்பது கள்ளர்களின் வேலை. இதைச் செய்கிறவன் அயோக்கியன் என்று பத்து வருஷம் பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்த மனிதர் அதையே செய்தார்.

ஏழு வினாடியில் பெட்டி வந்து சேர்ந்தது.

"கோபுரமா? கோபுரந்தான? அண்ணாச்சி, அண்ணாச்சி!"

குரல் காய்ந்து கிழிந்திருந்தது.

"நான்தான் பெர்க்மான்ஸ். ரெண்டாம் நாளே இன்ஜின் போச்சு, நீரோட்டம் கூப்பிடு தூரத்தத் தாண்டி இழுத்திட்டு. ஐஸ் உருகின தண்ணியக் குடிச்சுத்தான் இத்தனை நாள் ஓடிச்சு, நேத்தோட அதுவும் தீந்து போச்சு. கூட வந்த சூசை மயங்கிக் கெடக்கான். கோபுரத்துக்குப் பக்கத்துல போன வாரமும் ஒருக்க வந்தோம் அண்ணாச்சி. பெட்டி ஒரு பகல் பூரா கூப்பிட்டுச்சு. ஏன் யாரும் எடுக்கல?"

போன வாரமா? பழைய பெயரை யாராவது கூப்பிட்டால் திரையில் காட்டு என்று அவர் கட்டளை போட்டு வைத்தது முந்தாநாள்தான். அதுவரை மறுக்கப்பட்ட கூப்பாடுகளை இயந்திரம் தானாகவே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. அப்படித் தள்ளச் சொன்னவரும் அவர்தான்.

"நீரு பெர்க்மான்ஸ்தாங்கதுக்கு என்னவே அத்தாட்சி?" என்றார். கேட்க நாக்கு கூசியது.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எம் பொண்டாட்டி பேரு கேளுங்க. ஒங்களுக்குப் பிடிக்காத கொழம்பு கேளுங்க."

அதெல்லாம் ஆகாது. பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், குழம்புப் பட்டியல், இரண்டு வருஷச் சிரிப்பு எல்லாம் அந்தச் சுவரில் எழுதிய கடவுச்சொல் வழியாகத்தான் போயிற்று. வேண்டியவன் எவனும் ஒட்டுக் கேட்டிருக்கலாம். அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சிநேகம் நாற்சந்தியில் நின்று பேசிய பேச்சு. காற்றில் போகாத ரகசியம் ஒன்று வேண்டும்; கைக்குக் கை மாறியது ஒன்று.

அப்படி ஒன்று இருந்தது. மேசைமேல் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. ஏணியைக் கழுவக் கீழே இறங்கியவர், கடைசிப் படியில் ஒரு பொட்டலம் கட்டியிருந்ததைக் கண்டார். உள்ளே உள்ளங்கை அகல நட்சத்திர விளக்கு, சிவப்பும் மஞ்சளுமாக. சீட்டு ஏதும் இல்லை. யார் என்று அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சைவக்காரர் என்று நினைவு வைத்து மீன் கட்டாமல் விளக்குக் கட்டியிருக்கிறான்! பண்டிகை நாளும் அதுவுமாக நாற்பது மைல் ஓட்டி வந்திருக்கிறான்! அன்றைக்குத் திரையில் ஒரு படகுகூடத் தென்படவில்லைதான். கோபுரத்துக்காரர்கள் படகிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. மாட்டிவிடக் கூடாதென்று பெட்டியை அணைத்துவிட்டு வந்திருப்பான் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கட்டிக்கொண்டார். விதிக்குப் பயந்து இவரும் வானலையில் நன்றி சொல்லவில்லை. விளக்கின் ஒயரை மேசையிலிருந்த கட்டுப்பாட்டுக் கணினியிலேயே சொருகினார். அறையில் வேறு இடம் ஏது? அன்றிலிருந்து அது அணையாமல் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் காலையில் மகளிடம் பேசுவார்.

"கிறிஸ்துமஸுக்கு நம்ம ஏணில என்னத்தவே கட்டிட்டுப் போனீரு?" என்று கேட்டார்.

எதிர்முனையில் காற்றும் தண்ணீரும் கேட்டன.

"கிறிஸ்துமஸுக்கா?" என்றது குரல். "நாங்களா? இருவத்திமூணாந் தேதி வலைய மடக்குனா புது வருசம் பெறந்துதான் அண்ணாச்சி கடல்ல கால வைப்போம். அந்த ஒம்பது நாளும் எங்க கரையில ஒரு கட்டுமரம் எறங்காது. எறங்கினா ஊர் காறித் துப்பிரும். எங்க கரைன்னு இல்ல, இந்தப் பக்கம் எவனும் போவ மாட்டான். நான் ஒண்ணும் கட்டலியே."

ஆவுடையப்பன் மேசைப் பக்கம் திரும்பினார்.

"தெரியாததக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? வேற ஏதாச்சும் கேளுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சியது குரல். "தெரிஞ்சாச் சொல்லுதேன்."

சிவப்பு, மஞ்சள். சிவப்பு, மஞ்சள். மேசைமேல் நட்சத்திரம் மினுங்கிற்று. பாத்துப் போ தாயி. வானலையில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. இந்த அறையில், இந்த மேசையில், இந்த விளக்குக்கு முன்னால் மட்டும் சொன்ன வார்த்தை. விளக்கைக் கட்டிவிட்டுப் போனவன் அதற்குள் ஒரு காதையும் வைத்திருக்கிறான்.

நட்சத்திரம் என்று இவன் சரியாகச் சொல்லியிருந்தால் இவன்தான் கள்ளன். தெரியாது என்கிறான். அடப்பாவி, நீ பெர்க்மான்ஸேதான்.

ஒயரைப் பிடித்துப் பிடுங்கினார். அடுப்படிக்கு ஓடி எவர்சில்வர் தூக்கில் விளக்கைப் போட்டு மூடியை இறுக்கினார். இரும்புக்குள் அடைத்துவிட்டால் அலை வெளியே போகாது. பிறகு திரும்பி வந்து, "பெர்க்மான்ஸ், பெட்டியை அணைச்சிராதவே, ஆள் அனுப்புதேன்" என்றார். குரல் உடைந்து அழுகையாக வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கணினியைத் தொடாமல், அலுவலக இணைப்பில் மேடத்தை அழைத்தார்.

"மேடம், அது பெர்க்மான்ஸ்தான். பக்கத்துல ஜெபமாலைன்னு ஒரு படகு இருக்கு, கரையிலேருந்து வேற கோபுரம் வழியா நீங்க சொல்லி அனுப்புங்க. எங்கிட்டேருந்து எதுவும் போவக் கூடாது."

"எப்படி சார் இவ்வளவு உறுதியா?"

"ஓட்டை சுவத்துல இல்ல மேடம். என் மேசைல இருந்திச்சு. புதுச் சாவி எல்லாத்தையும் மறுபடி மாத்தணும். நான் எழுதித் தாரேன். மொதல்ல படகை அனுப்புங்க."

ஜெபமாலை ஐந்தரைக்கு சந்தன மாதாவைக் கட்டி இழுத்துக்கொண்டு கோபுரத்தடிக்கு வந்தது. குடிதண்ணீருக்காக ஏணியில் ஏறி வந்த ஆளை ஆவுடையப்பன் முதன்முறையாகப் பார்த்தார். ஒல்லியாக, முன்வழுக்கையோடு, உதடெல்லாம் வெடித்து. ஆள் தாட்டியாக இருப்பான் என்று இரண்டு வருஷமாக ஏனோ நினைத்துக்கொண்டிருந்தார்.

பெர்க்மான்ஸ் சொம்புத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். "இவ்ளோதானா அண்ணாச்சி ஒங்க வீடு?" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு மேசைமேல் இருந்த தூக்கைக் காட்டி, "சாப்பாடா?" என்றான்.

ஆவுடையப்பன் மூடியைத் திறந்து காட்டினார்.

"நல்லாருக்கே. யாரு தந்தா?"

"நீரு தந்ததுன்னு நெனச்சேன்."

பெர்க்மான்ஸுக்கு விளங்கவில்லை. ஆவுடையப்பன் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னார். பார் மேல் ஏறிய படகுகளில் செத்த ஆறு பேரில் பெர்க்மான்ஸின் மச்சினன் ரெமிஜியூஸும் ஒருவன். அது தெரிந்தேதான் சொன்னார். கீழே படகுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு எங்க சொவத்தப் பாத்து அந்த ஏச்சு ஏசினியளாமே" என்றான் பெர்க்மான்ஸ். "ஜெபமாலைக்காரன் சொன்னான்."

"ஆமா."

"எங்களுக்காகப் பழசை விட்டு வைக்கச் சொல்லி சவேரியார் மாமா கேட்டாராம்."

"ஆமாவே. முடியாதுன்னுட்டேன்."

பெர்க்மான்ஸ் சொம்பை மேசையில் வைத்தான். கதவு வரைக்கும் போனவன், உதிரிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் பார்த்து நின்றான். வெளிவாசல். அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத மூடிராதிய" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கிப் போனான்.

படகுகள் கிளம்பின. ஆவுடையப்பன் அறிக்கையில் முதல் வரியை எழுதினார்: டிசம்பர் இருபத்தாறாம் தேதி விதியை மீறி ஒரு பொருளை வாங்கினேன். தூக்கு மேசையில் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைத்தபோது, வெட்கத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

உதிரிப் பெட்டியின் சின்னத் திரையைத் திருப்பிப் பார்த்தார். வெளிவாசலில் ஒரு படகு இன்னும் நின்றுகொண்டிருந்தது. சந்தன மாதா, இணைப்பில் உள்ளது. ஜெபமாலையின் புது வலையமைப்புக்கு மாறிக்கொள்ளலாம், பெட்டியை அணைத்துவிடலாம். பெர்க்மான்ஸ் இரண்டையும் செய்யவில்லை. பேச்சும் வரவில்லை. நாலு கோடு. மூன்று. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு. கடைசிக் கோடு கரையைப் பார்த்துப் போகப் போக மங்கி, கூப்பிடு தூரத்தைத் தாண்டித் தானாக அணைகிற வரைக்கும் படகு அவரை விட்டு அறுத்துக்கொண்டு போகவில்லை.